பின்சீட்டிலிருந்து வண்டி பார்ப்பவள்

14.3.1988 — 62,000 — 41,000
2.11.1991 — 35,000 — 38,000
23.6.1994 — 9,000 — 1,200
30.8.2003 — 2,40,000 — 2,25,000
11.10.2003 — 2,40,000 — 70,000

முதலில் இருப்பது தேதி. நடுவில் இருப்பது விற்கிறவர் சொன்ன விலை. கடைசியில் இருப்பது என் தங்கை சொன்ன விலை. என் நோட்டுகளில் இப்படி நானூற்று முப்பத்தொரு வரிகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தைத்தான் மேலே எடுத்து வைத்திருக்கிறேன். கீழ் மூன்று வரிகளும் ஒரே வண்டியைப் பற்றியவை. அது எங்களுக்குத் தெரிய ஒன்பது வருடம் பிடித்தது.

என் தங்கையின் தொழில், பழைய அமெரிக்கக் கார்களையும் அவற்றின் பாகங்களையும் வாங்க நினைப்பவர்களுக்காகப் பார்த்து, எது நிஜம், எது ஒட்டுப்போட்டது, என்ன கொடுக்கலாம் என்று சொல்வது. அவளுக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. யாராவது அதைச் சொல்லிக் காட்டினால், "கல்யாணத் தரகருங்க எல்லாம் வாரம் ஒரு கல்யாணமா பண்ணிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

பத்தொன்பது வயதில் கார் சீட் தைக்கும் கடையில் சேர்ந்தாள். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களின் சீட்டுகள் கட்டில் அகலம் இருக்கும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், உள்ளே எத்தனை ஸ்பிரிங், எந்த வருடத்துக்கு எந்தத் துணி என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். முதலில், "இந்த சீட் பழசுதானாம்மா?" என்று கேட்டு வந்தார்கள். பிறகு, "வண்டியே பழசுதானாம்மா?" என்று கேட்டார்கள். சீட்டைக் கழற்றுகிறவளுக்கு அதன் அடியில் இருக்கும் தரை தெரியும். வண்டியின் பொய் எல்லாம் தரையில்தான் படுத்திருக்கும் என்று அவள் கண்டுபிடித்தது அப்படித்தான்.

அதனால் அவள் வண்டியைப் பின்சீட்டிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். எல்லோரும் பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, இவள் பின்சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு டார்ச்சோடு உள்ளே தலையை விட்டிருப்பாள். "முகத்துக்கு யாரு வேணும்னாலும் பவுடர் போடலாம். முதுகைத் திருப்பச் சொல்லு" என்பாள். அப்படித் தூக்கிய சீட்டுகளின் அடியில் கிடந்தவற்றுக்கும் நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: கொண்டை ஊசி 212, நாணயம் 340, சீப்பு 19, ஒற்றைத் தோடு 7, முழுப் பல்செட் 1.

அவளுடைய கருவிகள் மூன்று. ஒன்று, குழந்தையின் காலுறைக்குள் போட்ட காந்தம். பெயிண்டில் கீறல் விழாமல் இருப்பதற்காக அந்தக் காலுறை. தகட்டில் காந்தம் ஒட்டும். ஓட்டையை அடைத்துப் பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். இரண்டு, கைப்பிடி வைத்த சின்ன வட்டக் கண்ணாடி. எங்கள் பல் டாக்டர் கொடுத்தது. கை நுழையும், தலை நுழையாது என்ற இடங்களைப் பார்க்க. மூன்று, வார்ப்புத் தேதிகளைப் படிக்கும் பொறுமை. அந்த இன்ஜின்களில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், வருடம் என்று இரும்பிலேயே பதித்திருப்பார்கள். ஒருமுறை ஐம்பத்தைந்தாம் வருடக் கார் என்று சொல்லப்பட்ட வண்டியில் ஐம்பத்தெட்டாம் வருட இன்ஜின் இருந்தது. "பிள்ளை பொறந்து மூணு வருஷம் கழிச்சு அம்மா பொறந்திருக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மேலே உள்ள முதல் வரி அதுதான்.

இரண்டாவது வரியில் அவள் சொன்ன விலை, கேட்ட விலையைவிட அதிகம். ஐம்பத்தேழாம் வருட ஷெவர்லே கார். விற்றவர் அதை மூன்று வருடம் வைத்திருந்தும், பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று தெரியாமல், டியூபைக் கழற்றி டாங்குக்குள் புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். என் தங்கை வண்டியின் இடப்பக்க வாலில் இருந்த குரோம் பட்டையை ஒரு விரலால் தள்ளினாள். மூடி தெரிந்தது.

"ஐயா, சொந்தப் பிள்ளைக்கு வாய் எங்க இருக்குன்னு தெரியாமலே வளர்த்திருக்கீங்க."

பிறகு, வண்டியில் எல்லாமே நிஜம், நீங்கள் மூவாயிரம் குறைத்துக் கேட்கிறீர்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டாள். அவளுக்குக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தவர் வாங்குகிறவர். திரும்பும் வழியில் அவர் பத்து கிலோமீட்டர் வரை வாயைத் திறக்கவில்லை.

நான் அவளுடன் போகத் தொடங்கியது எழுதுவதற்காக. லாரி எடைமேடையில் முப்பத்தாறு வருடம் எழுதியவன் நான். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவேன். பார்த்த பாகத்தை மறுபடி பார்க்காமல் இருக்க, அதன் மேல் மஞ்சள் மெழுகுக் குச்சியால் வரிசை எண்ணைப் போட்டுவிடுவேன். பழைய இரும்புக் கிடங்கில் நாற்பது கதவுகள் சாய்ந்திருந்தால் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று தெரிய வேண்டாமா?

இப்போது அமெரிக்காவிலிருந்து வந்த கடிதங்களுக்கு வருகிறேன். இந்தப் பழைய கார்களுக்கு அங்கே ஓர் உரிமையாளர் சங்கம் இருக்கிறது. அவர்கள் அங்கீகரித்து பேட்ஜ் கொடுத்த மதிப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் பெரிய ஏலங்களில் அறிக்கை செல்லும். எங்கள் ஊரில் அந்த பேட்ஜ் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் ஒரு கராஜ் முதலாளி. என் தங்கை இரண்டு மணிநேரம் வண்டிக்கு அடியில் கிடந்து எழுந்து வருவாள். பேட்ஜ்காரர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார், டயரை ஓர் உதை உதைப்பார், கையெழுத்துப் போடுவார். அவள் பெயர் அறிக்கையில் எங்கும் இருக்காது.

"கீழ படுக்கறது நான், மேல கையெழுத்து அவரு. இது எந்த ஊரு நியாயம்ணே?" என்று 1996-இல் விண்ணப்பம் போட்டாள். முதல் கடிதம் வந்தது: விண்ணப்பதாரருக்குத் தையல் அனுபவம் மட்டுமே உள்ளதால் இயலாது. 1999-இல் மறுபடி போட்டாள். இரண்டாம் கடிதம்: சீட்டுகளுக்கு மட்டும் துணை மதிப்பாளராக இருக்கச் சம்மதமா? "சீட்டு மட்டும் நான் பாக்கணும், மத்ததை டயரை உதைக்கறவரு பாப்பாரா?" என்று சம்மதிக்க மறுத்தாள். 2002 டிசம்பரில் மூன்றாம் கடிதம்: அடுத்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பன்னிரண்டு முழு அறிக்கைகளைப் படங்களோடு அனுப்புக. பன்னிரண்டும் சரியாக இருந்தால் அங்கீகாரம். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்னொரு விண்ணப்பம் போடும் எண்ணம் அவளுக்கு இல்லை.

ஆகஸ்ட் மாதத்துக்குள் பதினொன்று போய்விட்டன. பன்னிரண்டாவது வண்டி தேடாமலே வந்தது. அவள் மகளைக் கொடுத்திருக்கிற வீட்டில், சம்பந்தி டயர்க்கடை வைத்திருக்கிறார். அவர் ஆறு மாதங்களுக்கு முன் ஐம்பத்தேழு ஷெவர்லே ஒன்றை எங்கோ வாங்கி, நீலப் பெயிண்ட் அடித்து, புது சீட் போட்டு, இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு விற்க வைத்திருந்தார். வாங்க ஆசைப்பட்டவர் எங்கள் பல் டாக்டர். இரண்டு பேருமே என் தங்கையின் வார்த்தையை ஏற்பதாகச் சொன்னார்கள்.

30.8.2003, சனிக்கிழமை, காலை பத்தே கால். நாங்கள் போனபோது சம்பந்தி வாசலிலேயே நின்றார். காபி, பலகாரம், மின்விசிறிக்கு நேராக நாற்காலி என்று உபசாரம் பலமாக இருந்தது. என் தங்கை பின்கதவைத் திறந்தாள்.

"ஐயையோ சம்பந்தியம்மா, பின்சீட் இப்பதான் புதுசா போட்டது. தூக்கினா கசங்கிடும். முன்னாடியிலிருந்து பாருங்களேன், உங்களுக்குத் தெரியாததா?"

வேறு யாராக இருந்தாலும், "சீட் கசங்கினா தைச்சுத் தரேன், நகருங்க" என்றிருப்பாள். அன்று மகளின் மாமனார் முகத்தைப் பார்த்தாள். கதவை மூடினாள். எனக்குத் தெரிந்து அவள் ஒரு வண்டியை முன்னாலிருந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

முன்னால் எல்லாம் சரியாகவே இருந்தன. அடையாளத் தகடு சரி, இன்ஜின் தேதி சரி, ஜன்னல் கண்ணாடியில் பதித்த தேதி சரி. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, இன்ஜினுக்கும் முன்சீட்டுக்காரர் கால்களுக்கும் நடுவில் நிற்கும் தகட்டின் மேல் ஒட்டியிருந்த கம்பளியைப் பிரித்து, வட்டக் கண்ணாடியை உள்ளே நீட்டினாள். அங்கிருந்தே கத்தினாள்.

"அண்ணே! ஃபாக்டரி மார்க் இருக்குண்ணே! மஞ்சள் குச்சியில எழுதினது!"

தொழிற்சாலைப் பரிசோதகர்கள் அந்தக் காலத்தில் இப்படிக் குறி போடுவது உண்டு. அது அழியாமல் இருந்தால் வண்டிக்கு மதிப்பு. அவள் கேமராவை உள்ளே நீட்டி, கண்ணால் பார்க்காமலே மூன்று படம் எடுத்தாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் தூசியும் பல்லுமாக இருந்தாள். "முன்னாடி இவ்வளவு நேர்மையா இருக்கற வண்டி, பின்னாடி பொய் சொல்லாது" என்று பின்சீட்டை விட்டுவிட்டாள்.

அன்று மாலை நான் அறிக்கையைப் படியெடுத்தேன். அதில் ஒரு வரி: "உள்தகட்டில் பரிசோதகர் எழுதிய மூன்று இலக்க எண் அப்படியே உள்ளது. பதற்றமில்லாத, ஒழுங்கான கையெழுத்து. தன் வேலையை மதித்தவர் என்று தெரிகிறது."

"கையெழுத்தைப் பத்தியெல்லாம் எழுதணுமா?" என்று கேட்டேன்.

"உனக்குப் பொறாமை. நீ எழுதறது கோழி கிளறின மாதிரி இருக்கும். அவரு எழுதினதை நீ பாத்திருக்கணும்."

செப்டம்பர் 3-ஆம் தேதி அறிக்கை தபாலில் போயிற்று. முதல் பிரதிப் படங்களை அவளே கவரில் போட்டு ஒட்டினாள். எங்கள் கோப்புக்கான இரண்டாம் பிரதியை ஸ்டுடியோக்காரர் வழக்கம்போல ஒரு மாதம் இழுத்து, அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார். பசை தடவி ஒட்ட எடுத்தபோதுதான் படத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் அவள் பார்த்தது இடவலம் மாறியது. படத்தில் எண் நேராக இருந்தது. 214. நான்கின் தலை திறந்திருந்தது. அடியில் ஒரு கோடு, கோட்டின் இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளி.

எடைமேடையில் மழை நாளில் மூடிய தலை நான்கு ஒன்பதைப் போலத் தெரியும். அதனால் நான் நான்கைத் திறந்து எழுதுவேன். பின்னால் யாரும் இலக்கம் சேர்க்காமல் இருக்கக் கோட்டின் முனைகளில் புள்ளி வைப்பேன். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

நோட்டைத் தேடினேன். எண் 214, தேதி 23.6.1994. பழைய இரும்புக் கிடங்கு. இன்ஜின் இல்லாத, சீட் இல்லாத, மூக்கு இல்லாத பச்சை நிறக் கார் உடல். கேட்டது ஒன்பதாயிரம். தங்கை சொன்னதை அன்று எழுதியிருந்தேன்: "தரையில் குறுக்கே வெல்டிங். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறு வண்டி. இரும்பு விலை மட்டும். 1,200." அடையாளத் தகட்டின் எண்ணை எழுதும் இடம் காலியாக இருந்தது. இரும்பு விலைக்குப் போகிற உடலுக்கு எண் எதற்கு என்று விட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் ஆகஸ்டிலேயே அகப்பட்டிருக்கும். தப்பில் பாதி என்னுடையது.

நோட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு அவள் பட்டறைக்குப் போனேன். ஞாயிறு என்றாலும் சீட் ஒன்றுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். படத்தை மெஷின் மேல் வைத்தேன்.

"அழகா விழுந்திருக்குல்ல?" என்றாள்.

"இது ஃபாக்டரிக்காரன் எழுதினது இல்ல. நான் எழுதினது."

"உலகத்துல நாலுன்னு எழுதறவன் நீ ஒருத்தன்தானா?"

நான் துண்டுத்தாளில் 214 என்று எழுதி, கோடு போட்டு, இரண்டு புள்ளியும் வைத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தாள். நோட்டைப் படித்தாள். மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"பொறந்ததிலிருந்து உன்னை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்ல. முதல் தடவையா புகழ்ந்து, அதையும் அமெரிக்காவுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருக்கேனே!"

சிரிப்பு நின்றதும் முகம் மாறியது. விரல்விட்டு எண்ணினாள். இந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றால் பதினொன்றுதான் நிற்கும். டிசம்பர் 31-க்கு எண்பத்தேழு நாள். தன் அறிக்கை தவறு என்று தானே எழுதுகிறவளுக்கு எந்தச் சங்கம் பேட்ஜ் கொடுக்கும்? எழுதாமல் விட்டால் பல் டாக்டர் அடுத்த ஞாயிறு முழுப்பணத்தையும் கொடுத்துவிடுவார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"நோட்டுக்குத் தெரியும்."

"நோட்டை எரிச்சிட்டா?"

"எனக்குத் தெரியும்."

"உன்னை எரிச்சிட்டா?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு. நீ அவசரப்படாத."

"நீ ஒரு அண்ணனா? வீட்டுக்குள்ளயே வெச்ச வேவுக்காரன்" என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "சனிக்கிழமை வா. இந்தத் தடவை பின்னாடியிலிருந்து பாக்கலாம்" என்றாள்.

11.10.2003 காலை. சம்பந்தியும் டாக்டரும் வண்டி நின்ற கொட்டகையில் இருந்தார்கள். என் தங்கை காபியைக் கையால் நகர்த்தி வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள்.

"சம்பந்தியம்மா, சீட்டு..."

"கசங்கினா நான் தைச்சுத் தரேன், சம்பந்தி. தைக்கத் தெரியும்னு அமெரிக்காக்காரனே எழுதிக் கொடுத்திருக்கான்."

சீட் மேலே வந்தது. புது விரிப்பைச் சுருட்டினாள். அடியில் கறுப்புத் தார் பூச்சு. அதைத் தேய்த்து எடுத்ததும், இப்பக்கக் கதவிலிருந்து அப்பக்கக் கதவு வரை கம்பளிப்பூச்சி ஊர்ந்தாற்போல் வெல்டிங் தடம். காலுறைக் காந்தத்தை வண்டியின் வால் தகட்டின் மேல் வைத்தாள். அது வழுக்கி டாக்டர் காலில் விழுந்தது.

"டாக்டர், மன்னிச்சுக்கோங்க. ஆகஸ்ட்ல நான் சொன்னது தப்பு. இது ரெண்டு வண்டி. முன்னாடி பாதிதான் அந்த அடையாளத் தகட்டுக்குச் சொந்தம். எழுபதாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கொடுக்காதீங்க."

சம்பந்தி தூணில் சாய்ந்தார். "ஆகஸ்ட்ல பொண்ணு பாத்துட்டு மகாலட்சுமி மாதிரி இருக்கான்னீங்க. அக்டோபர்ல வந்து மாறுகண்ணுங்கறீங்க. நம்ம உறவுக்கு இது அடுக்குமா?"

"உறவுக்காகத்தான் ஆகஸ்ட்ல சீட்டைத் தூக்காம போனேன். அதான் இந்தக் கதி. உங்களை ஏமாத்தினவன் யாருன்னு கேளுங்க, அவன்கிட்ட நானும் வரேன்."

"நீங்க வந்தா அவன் விலையையும் குறைச்சிடுவீங்க" என்றார் சம்பந்தி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கோபத்தை விட்டுவிட மனம் வராமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பல் டாக்டர் இவ்வளவு நேரமும் வெல்டிங்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டின பல்லுதான். ஆனா கட்டினவன் நல்லாத்தான் கட்டியிருக்கான். கட்டின பல்லாலயும் கடிக்கலாம்" என்றார். எழுபதாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். சம்பந்தி என் தங்கையிடம் ஆறு வாரம் பேசவில்லை. "அம்மா, மாமா என்கிட்ட உப்பு வேணும்னாகூட பையன் மூலமா சொல்லி அனுப்பறாரு" என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். எழுபதாயிரத்திலும் அவருக்கு நாலாயிரம் லாபம் என்று பிறகு தெரிந்தது. அதை அவர் சொல்லவில்லை; நானே அவர் கடையாட்களிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 13 அன்று என் தங்கை சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். நான் படியெடுத்தேன். பன்னிரண்டாம் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். விற்பவர் என் உறவினர் என்பதால் பின்சீட்டைத் தூக்கவில்லை. தொழிற்சாலைக் குறி என்று நான் எழுதியது என் அண்ணனின் கையெழுத்து. அவருடைய நோட்டின் 1994-ஆம் வருடப் பக்கத்தை இணைத்துள்ளேன். அதே வண்டியை மறுபடி முறையாகப் பார்த்து எழுதிய புதிய அறிக்கையும் இத்துடன் உள்ளது. விதி அனுமதித்தால் இதைப் பன்னிரண்டாவதாக எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான். கெஞ்சல் ஒரு வரிகூட இல்லை. "கையெழுத்தைப் பத்தின வரியை என்ன பண்றது?" என்று கேட்டேன். "அறிக்கையோடதானே அதுவும் போகுது. புகழ்ச்சியும் வாபஸ்" என்றாள்.

டிசம்பர் 9-இல் பதில் வந்தது. ஓர் அறிக்கை தவறியதால் மற்ற பதினொன்றையும் சங்கம் மறுபரிசீலனை செய்யும். அந்தப் பதினொரு வண்டிகளுக்கும் உரிய நோட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும். அவள் கடிதத்தை மடித்துக் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தாள். "போச்சு. பன்னிரண்டுல ஒண்ணு போகும்னு பாத்தேன். இப்ப பன்னிரண்டும் போகுது." நான் நாற்பத்துமூன்று பக்கங்கள் நகலெடுத்து அனுப்பினேன். ஜனவரியில் ஒன்றும் வரவில்லை. பிப்ரவரியில் சங்கத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தார். பதினொன்றில் எங்கள் ஊரில் இருந்த மூன்று வண்டிகளைப் பார்த்தார், டாக்டரின் நீல வண்டியின் பின்சீட்டைத் தானே தூக்கிப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் போனார். அவர் போன பிறகு என் தங்கை இரண்டு நாள் ஒரே சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளில் தைத்த சீட்டை மறுபடி பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

மார்ச்சில் ஒருநாள் பட்டறை வாசலில் ஒரு ப்யூக் கார் நின்றிருந்தது. அவள் வழக்கம்போலப் பின்சீட்டின் அடியில் இருந்தாள். நான் சங்கத்திலிருந்து வந்த கவரைப் பிரித்து, வெளியே தெரிந்த இரண்டு கால்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அறிக்கைகள் பன்னிரண்டும் ஏற்கப்பட்டன. விற்பவர் உறவினராக இருக்கும் வண்டியை இனி மதிப்பிடக் கூடாது. இன்றுமுதல் விண்ணப்பதாரரின் கையெழுத்து ஒன்றே போதும்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "மறுபடி படிண்ணே. மெதுவா."

மறுபடி படித்தேன். அன்று மாலை அந்த ப்யூக் அறிக்கையின் அடியில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. கடிதம் வந்த தேதி 19.3.2004, வெள்ளிக்கிழமை.